பார்த்தவர்கள் கோடி, அப்புறம்? தொண்டு நிறுவனங்களும் டிஜிட்டல் பிரச்சாரமும்

போர், பஞ்சம், அகதிகள், நிலநடுக்கம் என்று உலகப் பிரச்சினைகளுக்காகத் தொண்டு நிறுவனங்கள் ஃபேஸ்புக், யூட்யூப், இன்ஸ்டாகிராம் என எங்கே பார்த்தாலும் பிரச்சாரம் செய்கின்றன. இது எப்படி நடக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு இதனால் ஏதாவது போய்ச் சேர்கிறதா, இல்லை லைக்கோடு முடிந்துவிடுகிறதா? இதுதான் கேள்வி. இந்த வேலையைப் பல வருடமாக அருகில் இருந்து பார்த்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுருக்கமான பதில்: போய்ச் சேர்கிறது. ஆனால் எவ்வளவு சேர்ந்தது என்பதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துக் கணிக்கவே முடியாது. மக்களின் கவனம் ஒரு விஷயத்தின் மேல் திரும்பினால் சில நாள் நிற்கும், அதிகம் போனால் சில வாரம். அப்படித் திரும்பி நிற்கிற நேரத்தில் "இதைச் செய்யுங்கள்" என்று சொல்வதற்கு ஒரு தெளிவான காரியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருந்த நிறுவனங்கள்தான் எதையாவது சாதித்திருக்கின்றன. மழை பெய்யும் முன்பே வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கடந்த 20 வருடத்தின் பெரிய பிரச்சாரங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் எனக்கு இதுதான் தெரிகிறது.

பணம் திரட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் கணக்கு கண்ணுக்குத் தெரியும். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தது. ஹெய்ட்டி என்ற ஒரே சொல்லை 90999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போதும், 10 டாலர் உங்கள் போன் பில்லில் சேர்ந்து அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய்விடும் என்று ஏற்பாடு செய்தார்கள். கார்டு வேண்டாம், படிவம் வேண்டாம், பெயர்கூட வேண்டாம். இந்த ஒரு வழியில் மட்டும் 3.2 கோடி டாலர் வந்தது. மக்கள் திடீரென்று அதிக இரக்கம் கொண்டுவிட்டார்கள் என்று இதை விளக்கக் கூடாது. இரக்கத்துக்கும் காரியத்துக்கும் நடுவில் இருந்த ஆறேழு படிகளை ஒரே படியாகக் குறைத்தார்கள், டிவி பார்த்துக் கண்கலங்கிய அதே நிமிடத்தில் கையில் இருந்த போனிலேயே வேலை முடிந்தது. நன்கொடைப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கட்டம் நிரப்பச் சொன்னால்கூடக் கொஞ்சம் பேர் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒரே வேண்டுகோளை இரண்டு விதமாக எழுதி, இரண்டு விதப் பொத்தான் வைத்து, எது அதிகம் வேலை செய்கிறது என்று சோதித்துச் சோதித்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் அதே ஹெய்ட்டிதான் இதன் மறுபக்கத்தையும் காட்டியது. எல்லா வழியிலும் சேர்த்து அந்தச் சங்கத்துக்கு ஏறத்தாழ 50 கோடி டாலர் வந்தது. 2015ல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனமும் என்பிஆர் வானொலியும் சேர்ந்து விசாரித்தபோது, அந்தப் பணத்தில் நிரந்தர வீடுகள் என்று கட்டப்பட்டவை ஆறுதான் என்று எழுதினார்கள். பழுது பார்த்தது, வாடகைக்கு உதவியது, தற்காலிகக் குடியிருப்பு போட்டது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சங்கம் பதில் சொன்னது. அந்தப் பதிலில் நியாயம் கொஞ்சம் இருக்கலாம். இருந்தாலும் பணம் கேட்டபோது ஒரே வரியில் கேட்டவர்கள், கணக்குச் சொல்லும்போது மட்டும் நீளமான விளக்கம் கொடுத்தால் கொடுத்தவர் நம்ப மாட்டார். கேட்பதற்கு எவ்வளவு எளிமையான வழி செய்தார்களோ, செலவைக் காட்டுவதற்கும் அவ்வளவு எளிமையான வழி செய்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் உண்டு, இந்தத் துறையிலேயே நான் மிகவும் மதிக்கும் முடிவு அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரு வாரத்திலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமி வேலைக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி இதற்காக அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. கூடுதலாக வந்ததை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டது. பெரும்பாலானோர் சரி என்றார்கள். அந்த நேரத்தில் மற்ற அமைப்புகள் இதை ரசிக்கவில்லை. பணம் பெருக்கெடுத்து வரும்போது அணையைச் சாத்துவதா என்ற கோபம் அவர்களுக்கு. என் பார்வையில், ஒரு நிறுவனம் நன்கொடையாளரோடு நேர்மையாகப் பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

அடுத்து, ஒற்றை முகத்தின் பலம். இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூன்று பேர் 2007ல் வெளியிட்ட ஆய்வில், கலந்துகொண்டவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் பசியில் இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் தந்தார்கள். மாலி நாட்டின் ரோகியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டாலர். சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? கூடவில்லை, 1.43க்கு இறங்கிவிட்டது. எண்ணிக்கை உள்ளே வந்ததும் மனசு பின்வாங்குகிறது. தொண்டு நிறுவனங்களின் பதிவுகளில் ஏன் எப்போதும் ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு தாய் என்று கதை ஆரம்பிக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அது நிஜத்தில் நடந்ததையும் பார்த்தோம். 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கியின் போட்ரும் கடற்கரையில் அலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் உடல் கரை ஒதுங்கிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. சிரியப் போர் அப்போது ஐந்தாவது வருடத்தில் இருந்தது, லட்சக்கணக்கானோர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஒரு படத்துக்குப் பிறகான வாரத்தில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய அகதிகள் நிதிக்கு ஒரு நாளைக்கு வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை முந்தைய வாரத்தைவிட 100 மடங்குக்கு மேல் போனது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் வடிந்துவிட்டது. இதைப் பற்றி வந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விடுவது வேறொரு பகுதி. மாதாமாதம் தருகிறேன் என்று பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையும் அந்த நேரத்தில் பல மடங்கு கூடியது, அப்படிச் சேர்ந்தவர்கள் படம் மறக்கப்பட்ட பிறகும் பெரும்பாலும் விலகவில்லை. அலை வடிந்ததைப் பார்த்து "பாருங்கள், எல்லாம் ஒரு வார அனுதாபம்" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். அலையை நிறுத்தி வைக்க முடியாது. அலை வரும் அன்றைக்கு "இப்போது 50 கொடுங்கள்" என்று மட்டும் கேட்கிறோமா, "மாதம் 5 கொடுப்பீர்களா" என்றும் கேட்கிறோமா என்பது நம் கையில் இருக்கிறது.

இங்கே மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாருக்கும் பிடிக்காத பழைய விஷயம், ஆனால் டிஜிட்டல் நன்கொடைகளில் இன்னமும் கணிசமான பங்கு அதன் வழியாக வருகிறது. ஃபேஸ்புக் பக்கத்தில் லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும் நீங்கள் போடும் பதிவு அதில் மிகச் சிறிய பகுதிக்குத்தான் போகும், மீதிக்குப் பணம் கட்ட வேண்டும், விதிகளை அந்த நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றும். மின்னஞ்சல் பட்டியல் உங்களுடையது. அதனால் விவரம் தெரிந்த அமைப்புகள் சமூக ஊடகத்தை வாசலாக மட்டும் வைத்துக்கொள்கின்றன. வீடியோ பார்த்தவரை ஒரு மனுவில் கையெழுத்துப் போட வைப்பது, அதில் அவர் தரும் முகவரிக்கு நன்றி சொல்வது, இரண்டு வாரம் கழித்து என்ன நடந்தது என்று எழுதுவது, அதற்கும் பிறகுதான் பணம் கேட்பது. கூகுள் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரங்களை இலவசமாகத் தருகிறது. பேரிடர் நடந்த அன்று "எப்படி உதவுவது" என்று தேடுபவர் கண்ணில் அந்த விளம்பரம் படலாம். ஆனால் சரியான பக்கம், சரியான சொற்கள் எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும். பல சிறிய அமைப்புகளில் இதைக் கவனிக்க ஆள் இல்லாமல் அந்த வாய்ப்பு வீணாகிறது.

சாதாரண மனிதர்கள் தாங்களே நிதி திரட்டுவது இன்னொரு பெரிய மாற்றம். 2018 ஜூனில் அமெரிக்க எல்லையில் அகதிக் குடும்பங்களிலிருந்து குழந்தைகளைப் பிரித்து வைத்த செய்தி வந்தபோது, கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி 1,500 டாலர் சேர்க்கலாம் என்று ஃபேஸ்புக்கில் ஒரு நிதி திரட்டலைத் தொடங்கினார்கள். டெக்சாஸில் குடியேறிகளுக்குச் சட்ட உதவி செய்யும் ரெய்சஸ் என்ற அமைப்புக்காக அதில் 2 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. நிறுவனம் கேட்டதைவிட நண்பர் கேட்டதற்கு மக்கள் அதிகம் இசைகிறார்கள்.

சரி, இனி லைக் விஷயத்துக்கு வருகிறேன். சூடானில் போரில் சிக்கிய டார்ஃபூர் பகுதிக்காக ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது, அதில் 10 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அதை ஆராய்ந்து 2014ல் வெளியிட்டவர்கள், 99 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஒரு முறைகூடப் பணம் தரவில்லை, பெரும்பாலானோர் இன்னொருவரைச் சேர்க்கவும் இல்லை என்று கண்டார்கள். மொத்தம் சேர்ந்தது ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. யுனிசெஃப் அமைப்பின் சுவீடன் கிளை 2013லேயே இதை நேரடியாக விளம்பரமாக்கியது. லைக்கால் உயிர் காப்பாற்றப்படுவதில்லை, தடுப்பூசிக்குப் பணம் வேண்டும் என்று சொன்னார்கள். லைக் வாங்குவதற்காகவே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். நான் லைக்கை அடியோடு ஒதுக்க மாட்டேன். அடுத்த படி எங்கே என்று காட்டாமல் லைக்கை மட்டும் கேட்டால், கடமை முடிந்தது என்ற திருப்தியை நாமே அவர்களுக்குக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். தவறு கேட்டவர்களுடையது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கோனி 2012ஐத்தான் பார்க்க வேண்டும். இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமெரிக்க அமைப்பு 2012 மார்ச் 5 அன்று அரை மணி நேர வீடியோ ஒன்றை வெளியிட்டது. குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனி என்ற உகாண்டா ஆயுதக் குழுத் தலைவரை உலகம் முழுக்கத் தெரிய வைத்தால் அவரைப் பிடித்துவிடலாம் என்பது அதன் வாதம். ஆறே நாளில் 10 கோடி முறை பார்க்கப்பட்டது. அதற்கு முன் இப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. தானாகப் பரவியது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அந்த அமைப்பு பல வருடமாக அமெரிக்கப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் திரையிட்டுத் திரையிட்டு இளைஞர்களின் வலைப்பின்னலைக் கட்டி வைத்திருந்தது. முதல் நாள் பகிர்ந்தவர்கள் அவர்கள். அதோடு 20 பிரபலங்கள், 12 அரசியல்வாதிகள் என்று பட்டியல் போட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் அவர்களுக்குச் செய்தி போகும்படி தளத்தைச் செய்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே ஆளைக் கேட்டால் அவர் பகிராமல் என்ன செய்வார்? தொழில்நுட்பமாகப் பார்த்தால் இன்றைக்கும் பாடமாகப் படிக்கத் தகுந்த திட்டமிடல்.

அப்புறம் என்ன ஆனது? வீடியோ வந்தபோது கோனியின் குழு உகாண்டாவை விட்டுப் போய்ப் பல வருடமாகியிருந்தது, காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுப் பகுதிகளில் சில நூறு பேராகச் சுருங்கியிருந்தது. வடக்கு உகாண்டா மக்கள் அப்போது சண்டையைத் தாண்டி, வாழ்க்கையை மீண்டும் கட்டும் கட்டத்தில் இருந்தார்கள். உகாண்டா பத்திரிகையாளர் ரோஸ்பெல் ககுமிரே உடனே ஒரு வீடியோவில் பதில் சொன்னார். எங்களை எந்த நம்பிக்கையும் இல்லாதவர்களாக, வெளியிலிருந்து யாரோ வந்து காப்பாற்ற வேண்டியவர்களாகக் காட்டுகிறீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் பாதிக்கப்பட்ட மக்களுக்கே இந்தப் படத்தைத் திரையிட்டபோது அவர்கள் கோபப்பட்டார்கள், திரையிடலை நிறுத்த வேண்டியதாயிற்று. தங்கள் குழந்தைகளைக் கொன்றவனின் முகத்தைச் சட்டையிலும் சுவரொட்டியிலும் போட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஏப்ரல் 20 அன்று எல்லா நகரங்களிலும் சுவரொட்டி ஒட்டுவோம் என்ற நிகழ்ச்சிக்குச் சொற்பம் பேர்தான் வந்தார்கள். 2017ல் அமெரிக்காவும் உகாண்டாவும் தேடுதல் வேட்டையையே கைவிட்டன, கோனி பிடிபடவில்லை.

இதே அமைப்பு காங்கோ, மத்திய ஆப்பிரிக்கப் பகுதிகளில் கிராமங்களுக்கிடையே வானொலிக் கருவிகளை வைத்து, ஆயுதக் குழு நடமாட்டத்தை உடனுக்குடன் தெரிவிக்கும் எச்சரிக்கை வலையமைப்பை நடத்தியது. அந்த மக்களுக்கு நேரடியாக உதவிய வேலை அது. 10 கோடி முறை பார்க்கப்பட்ட பிரச்சாரத்தின் மையத்தில் அதை வைத்திருந்தால், "இந்தக் கிராமத்துக்கு ஒரு வானொலி" என்று கேட்டிருந்தால், கதையே வேறாக இருந்திருக்கும் என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

நைஜீரியாவின் நிலை வேறு, ஏனென்றால் அங்கே குரல் உள்ளிருந்தே கிளம்பியது. 2014 ஏப்ரல் 14 இரவு சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளை போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு கடத்தியது. முன்னாள் அமைச்சர் ஒபி எசெக்வெசிலி ஒரு கூட்டத்தில் எழுப்பிய முழக்கத்தை ஒரு நைஜீரிய வழக்கறிஞர் ஹேஷ்டேக்காகப் போட, எங்கள் பெண்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்ற அந்த வாசகம் மிஷெல் ஒபாமாவின் கைவரை போனது. வெளிநாட்டில் ஆர்வம் சில வாரத்தில் அடங்கியது, ஆனால் தலைநகர் அபுஜாவில் அந்த இயக்கத்தினர் வருடக்கணக்காகக் கூடி உட்கார்ந்து அரசை விடாமல் கேட்டார்கள். 2016 அக்டோபரில் 21 பேர், 2017 மே மாதம் 82 பேர் பேச்சுவார்த்தையில் மீட்கப்பட்டார்கள். இன்னும் பலர் திரும்பவில்லை. இந்தப் பிரச்சாரத்தில் ஒரு சிறுமியின் படம் உலகெங்கும் பகிரப்பட்டது. அது கினி பிசாவ் நாட்டுச் சிறுமி, நைஜீரியாவுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை, படம் எடுத்த அமி விட்டாலே என்ற புகைப்படக் கலைஞரே இதை வெளியே சொல்லி வருந்தினார். கடத்தப்பட்டு வன்முறைக்கு ஆளான பெண் என்று ஒரு சிறுமியின் முகத்தை உலகம் முழுக்க முத்திரை குத்திவிட்டோம், அவளையோ பெற்றோரையோ கேட்காமலேயே. நல்ல நோக்கத்தோடு பகிர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

படத்தில் இருப்பவரின் கண்ணியம் என்ற பேச்சு இங்கேதான் வருகிறது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒட்டிய சுவரொட்டி ஆப்பிரிக்காவில் உள்ள தாய்க்குத் தெரியாமலே போய்விடும். இன்று முகாமில் உள்ளவரிடமும் போன் இருக்கிறது, தன் குழந்தையின் படத்தைக் கீழே உள்ள கருத்துகளோடு சேர்த்தே அவர் பார்ப்பார். 2012ல் நார்வே மாணவர்களின் ஓர் உதவி அமைப்பு, குளிரில் வாடும் நார்வே மக்களுக்காக ஆப்பிரிக்கர்கள் ஹீட்டர் சேகரிப்பதுபோல ஒரு வீடியோ எடுத்தது. ஒரு கண்டத்தையே பரிதாபமாக மட்டும் காட்டினால் எப்படி இருக்கும் என்று பார்ப்பவர்களுக்குச் சட்டென்று உறைத்தது. பிரிட்டனின் காமிக் ரிலீஃப் பல வருட விமர்சனத்துக்குப் பிறகு 2020ல், பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படம் எடுப்பதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. சேவ் தி சில்ட்ரன் அமைப்பு, தங்கள் படங்களில் இடம்பெற்ற குடும்பங்களிடமே போய்க் கேட்டு 2017ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பலர் தங்கள் கதை வெளியே தெரிய வேண்டும் என்றே விரும்பினார்கள், எங்கே, எதற்கு, எவ்வளவு காலம் பயன்படும் என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் குறைவாக இருந்தது. வரிசையில் நிற்பவரிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது, மறுத்தால் அரிசி கிடைக்காதோ என்ற பயத்தில் யாரும் சரி என்பார்கள்.

அதே சேவ் தி சில்ட்ரன் 2014 மார்ச்சில் வெளியிட்ட சிரியா வீடியோ இன்னொரு வழியைக் காட்டியது. லண்டனில் ஒரு சிறுமி, பிறந்தநாளில் ஆரம்பித்து ஒரு வருடம், நாளுக்கு ஒரு நொடி. போர் அவள் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று காட்டி, இங்கே நடக்கவில்லை என்பதால் நடக்கவே இல்லை என்று ஆகாது என்று முடித்தார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நிஜமாகத் துன்பப்படும் ஒரு குழந்தையின் முகத்தை அதில் பயன்படுத்தவே இல்லை.

ஆளை மறைக்க வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்குப் போவதும் ஆபத்துதான். 2021ல் கொலம்பியாவில் நடந்த போராட்டங்களை நினைவுகூர 2023ல் அம்னெஸ்டியின் ஒரு கணக்கு அப்படி உருவாக்கிய படங்களைப் போட்டது. போராடியவர்களைப் பாதுகாக்கத்தான் என்று சொன்னார்கள், விமர்சனம் வந்ததும் எடுத்துவிட்டார்கள். மனித உரிமை அமைப்பின் மூலதனமே நம்பகத்தன்மை. ஒரு படம் பொய் என்று ஆனால், உண்மையான நூறு சாட்சியங்களையும் பொய் என்று சொல்ல அரசுகள் காத்திருக்கின்றன.

பணம் கேட்காத பிரச்சாரங்களும் நிறைய உண்டு. ஆக்ஸ்ஃபாம் 2013 பிப்ரவரியில் உலகின் 10 பெரிய உணவு நிறுவனங்களுக்கு நிலம், பெண்கள், தொழிலாளர் என்று தலைப்பு வாரியாக மதிப்பெண் போட்டு இணையத்தில் வைத்தது. மக்கள் தங்களுக்குப் பிடித்த பிராண்டின் பக்கத்தில் போய்க் கேள்வி கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே கோகோ கோலா, சர்க்கரைக்காக மக்களின் நிலத்தைப் பறிப்பதைத் துளியும் ஏற்க மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்தது. இலக்கு தெளிவு, முடிவெடுப்பவர் யார் என்பது தெளிவு, கோரிக்கையும் தெளிவு. ஆனால் எதிரில் இருப்பது அரசும் ராணுவமும் என்றால் நிலைமை இப்படி இருக்காது. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை இலக்கு அல்ல என்று ஹேஷ்டேக் பரவியது, சுதந்திரமான விசாரணை கேட்ட மனுவில் 5 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. 2016 மே 3 அன்று ஐநா பாதுகாப்பு அவை மருத்துவப் பணியைப் பாதுகாக்க 2286ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. கேட்ட அந்தச் சுதந்திர விசாரணை மட்டும் நடக்கவே இல்லை, மருத்துவமனைகள் மீதான தாக்குதல்களும் நிற்கவில்லை. அதற்காக அந்த மனு வீண் என்று நான் சொல்ல மாட்டேன், பதிவில் நிற்கிற ஒவ்வொரு தீர்மானமும் அடுத்த வழக்குக்கு உதவும்.

பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், உங்கள் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்கும் வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2008 தொடக்கத்தில் கென்யாவில் தேர்தல் வன்முறை நடந்துகொண்டிருந்தபோது எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் அனுப்பிய தகவல்களை வரைபடத்தில் போட ஆரம்பித்ததுதான் உஷாஹிதி. அதே மென்பொருளை ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் பயன்படுத்தினார்கள், 4636 என்ற எண்ணுக்குக் கிரியோல் மொழியில் வந்த குறுஞ்செய்திகளை வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்ட்டி மக்கள் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். 2014ல் தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற வரைபடத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் வரைந்து தரலாம், உள்ளூர்க்காரர்கள் பெயர்களைச் சேர்ப்பார்கள், தடுப்பூசிக் குழு அந்த வரைபடத்தோடு கிளம்பும். வரைபடத்திலேயே இல்லாத கிராமத்தில் எத்தனை பேருக்கு மருந்து வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? அதற்கு விடை இந்தத் தன்னார்வலர்களிடம் இருக்கிறது.

இதே கருவிகளைச் சுரண்டலுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிரிய முகாம்களில் குடும்பங்கள் டிக்டாக் நேரலையில் மணிக்கணக்காகக் கையேந்துவதை பிபிசி 2022ல் விசாரித்து, பார்ப்பவர்கள் தரும் பரிசில் 70 சதவீதம்வரை அந்த நிறுவனமே எடுத்துக்கொள்கிறது என்று எழுதியது. அவ்வளவு இல்லை என்று டிக்டாக் மறுத்தது. 2023 பிப்ரவரி துருக்கி, சிரியா நிலநடுக்கத்தின்போது மீட்பு வீரர் குழந்தையை ஏந்தி நிற்கும் செயற்கைப் படத்தைப் போட்டுக் கிரிப்டோ பணம் கேட்ட மோசடிகள் வந்தன, அந்தப் படத்தில் வீரரின் கையில் ஆறு விரல்கள் இருந்தன. இன்று அந்தத் தவறுகூட இருக்காது. இன்னொன்று, சேகரிக்கும் தகவலின் பாதுகாப்பு. 2022 ஜனவரியில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் தரவு ஊடுருவப்பட்டு, 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியாட்கள் கையில் போயின. போரில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைப்பதற்காக வைத்திருந்த விவரங்கள் அவை. ஒருவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்பது தெரிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் அதில் உண்டு.

எந்த நெருக்கடி கவனம் பெறும், எது பெறாது என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது. கேர் அமைப்பு வருடாவருடம் மிகக் குறைவாகச் செய்தியான 10 நெருக்கடிகளைப் பட்டியலிடுகிறது, அதில் ஆப்பிரிக்க நாடுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று ஆரம்பித்த போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டுத் துரத்தியது, ஆனால் நம் திரைகளில் அது எவ்வளவு நேரம் இருந்தது? அங்கே பெரிய நிறுவனங்கள் நுழைய முடியாத இடங்களில் அவசரகால உதவி அறைகள் என்று உள்ளூர் இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் சேர்ந்து சமையற்கூடம் நடத்துகிறார்கள், வெளிநாட்டில் உள்ள உறவினர்கள் வங்கி ஆப் வழியாகப் பணம் அனுப்புகிறார்கள். 2024 பிப்ரவரியில் இணையம் துண்டிக்கப்பட்டபோது பணம் வருவது நின்று, கார்ட்டூமில் அப்படிப்பட்ட சமையற்கூடங்கள் பல மூட வேண்டியதாயிற்று.

ஆகவே என்ன செய்யலாம் என்று கேட்டால், நீங்கள் ஒரு சிறிய அமைப்பில் இருந்தால் அடுத்த வீடியோவுக்கு முன் அதைப் பார்ப்பவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதி வையுங்கள், அதைப் படத்தில் இருப்பவருக்கே முதலில் காட்டுங்கள், மூன்று மாதம் கழித்து அனுப்பப் போகும் கணக்கு மின்னஞ்சலை இப்போதே திட்டமிடுங்கள். கொடுப்பவராக இருந்தால், டிரெண்டில் இருப்பதோடு டிரெண்டில் இல்லாத ஒன்றுக்கும் மாதம் ஒரு சிறு தொகையைத் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். பகிர்வதற்கு முன், படத்தையே கொடுத்து அது வேறு எங்கே வந்திருக்கிறது என்று காட்டும் தலைகீழ்த் தேடலில் ஒரு முறை போட்டுப் பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.